விந்துப் பரிசோதனை அறிக்கை: எந்த வரி எந்த உறுப்பைப் பற்றிச் சொல்கிறது? மறுபரிசோதனைக்கு ஏன் மூன்று மாதம்?

அடுப்படிக்காரர் (திருநெல்வேலி டவுண்)

அனைவருக்கும் வணக்கம். டவுணில் அல்வா கிண்டும் அடுப்படியில் வேலை பார்க்கிறேன். ஊர் முக்கூடல் பக்கம். வயது 31. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்புப் பரிசோதனை என்று எல்லாமே முதலில் என் மனைவிக்குத்தான் நடந்தன. அவரிடம் குறை ஒன்றும் இல்லை என்று ஆன பிறகே என்னையும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள்.

அறிக்கையில் உள்ளவை: அளவு 2.6 மி.லி.; இளகும் நேரம் 25 நிமிடம்; காரத்தன்மை (pH) 7.8; எண்ணிக்கை ஒரு மி.லி.க்கு 90 லட்சம். முன்னேறிச் செல்லும் அசைவு 22 சதவீதம். இயல்பான வடிவம் 3 சதவீதம். மருத்துவர் என்னை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, இடது பக்கம் நரம்பு சுருண்டு வீங்கியிருக்கிறது என்றும், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்துகொண்டு வரவேண்டும் என்றும் சொன்னார். வெளியே பெருங்கூட்டம் காத்திருந்ததால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

தாம்பத்தியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லாதபோது எண்ணிக்கை எப்படிக் குறையும்? மூன்று மாதம் என்ன கணக்கு? நாள் முழுவதும் நெருப்பின் முன் நிற்பதுதான் காரணமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேட்டை ஆய்வகத்தார்

தம்பி, இத்தகைய அறிக்கைகளை எழுதும் வேலையிலேயே பணி ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தாளில் ஒவ்வொரு வரியும் வேறு வேறு உறுப்பைப் பற்றியது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பலர் முதல் வரியான அளவைப் பார்த்துவிட்டு 'நிறைய இருக்கிறதே' என்று நிம்மதியடைகிறார்கள். அந்த அளவுக்கும் விந்தணு உற்பத்திக்கும் அநேகமாகச் சம்பந்தமே இல்லை.

விந்தில் விந்தகத்திலிருந்து, அதாவது விரையிலிருந்து, வருவது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, சிறுநீர்ப்பையின் பின்புறம் இரு பக்கமும் அமைந்துள்ள விந்துப்பைகளில் சுரக்கிறது. மீதியில் பெரும்பகுதி, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர் வடிகுழாயைச் சூழ்ந்திருக்கும் புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருகிறது. புரோஸ்டேட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள சிறு கௌப்பர் சுரப்பிகள் தருவது சில துளிகள் மட்டுமே. அவை முன்னதாகவே வந்து வடிகுழாயை வழவழப்பாக்கி, அங்கே தங்கிய சிறுநீரின் அமிலத்தைத் தணிக்கின்றன. ஆகவே 2.6 மி.லி. என்பது, உங்கள் விந்துப்பைகளும் புரோஸ்டேட்டும் வேலை செய்கின்றன, அவற்றின் திரவம் வரும் பாதையில் அடைப்பு இல்லை என்பதற்கான சான்று. உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டின்படி இதன் கீழ் வரம்பு 1.4 மி.லி.

அடுத்தது இளகும் நேரம். வெளியே வந்தவுடன் விந்து கட்டியாக உறைந்திருக்கும். அதை உறையவைக்கும் புரதம் விந்துப்பைகளிலிருந்து வருகிறது, இளகவைக்கும் நொதி புரோஸ்டேட்டிலிருந்து வருகிறது. நாங்கள் கோப்பையை 37 டிகிரி வெப்பத்தில் வைத்துக் காத்திருந்து, பிறகு பிப்பெட்டில் எடுத்துத் துளித்துளியாக விட்டுப் பார்ப்போம். இழை 2 செ.மீ.க்கு மேல் நீண்டால் பிசுபிசுப்பு அதிகம் என்று குறிப்போம். 25 நிமிடத்தில் இளகியது இயல்பே. காரத்தன்மை 7.8 என்பதும் நல்லதே, ஏனெனில் விந்துப்பைச் சுரப்பு காரமானது, புரோஸ்டேட் சுரப்பு சற்றே அமிலமானது. அளவும் காரத்தன்மையும் சேர்ந்து குறைந்திருந்தால்தான் விந்துப்பைகளின் திரவம் வந்து சேரவில்லையோ என்று ஐயப்பட்டு, அவை சுரக்கும் ஃபிரக்டோஸ் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

உங்கள் கேள்வி நிற்பது, விந்தகத்தில் உருவாகும் விந்தணுக்களைப் பற்றிய கடைசி மூன்று வரிகளில். ஒரு மி.லி.க்கு 90 லட்சம் வீதம் மொத்தம் 2 கோடியே 34 லட்சம் விந்தணுக்கள். அதே கையேட்டின் கீழ் வரம்பு மி.லி.க்கு 1 கோடியே 60 லட்சம், மொத்தத்தில் 3 கோடியே 90 லட்சம். முன்னேறும் அசைவுக்கு 30 சதவீதம், வடிவத்துக்கு 4 சதவீதம். ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களுள் கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வகுத்த எல்லைகள் இவை. இவற்றுக்குக் கீழே இருப்பவருக்குக் குழந்தை பிறக்காது என்று பொருளில்லை. வாய்ப்புக் குறைவு, காலம் கூடுதலாகலாம் என்றே பொருள்.

கொக்கிரகுளத்து வாசகர்

அண்ணாச்சி, அப்படியானால் ஆண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டால் விந்தே வராது என்று எங்கள் தெருவில் பேசிக்கொள்வது தவறா?

பேட்டை ஆய்வகத்தார்

தவறுதான். விரைப்பைக்குள், விந்தணு மேலேறிச் செல்லும் விந்துநாளத்தை மட்டுமே துண்டித்துக் கட்டுகிறார்கள். விந்துப்பையும் புரோஸ்டேட்டும் அந்த வெட்டுக்கு மேலே, தொடப்படாமல் இருக்கின்றன. அளவில் வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விந்தகம் தொடர்ந்து சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தின் வழியாகச் செல்வதால் குரலோ மீசையோ உடல் வலுவோ மாறுவதும் இல்லை. கத்தியில்லாத முறையைச் சீனாவில் லி ஷுன்சியாங் 1974-இல் உருவாக்கினார். சிறு துளையோடு முடிந்துவிடும் வேலை. இருந்தும் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15-49 வயது மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் அறுவை செய்துகொண்டவர்கள் 0.3 சதவீதம். வெட்டுக்கு மேலே நாளத்தில் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேறச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதன்பின் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியாகும் வரை வேறு கருத்தடையைக் கைவிடக் கூடாது.

இடைகால் டீச்சர்

மேல்நிலை வகுப்பில் விலங்கியல் நடத்தியவள் என்பதால் அந்த மூன்று மாதக் கணக்கை நான் சொல்கிறேன். (இந்தப் பாடம் வந்தால் 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று பக்கங்களைத் தள்ளிவிடும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அதை வீட்டில் படிப்பதில்லை, கைப்பேசியில் படிக்கிறார்கள்.)

ஒவ்வொரு விந்தகமும் இருநூறு முதல் முந்நூறு வரையான சிறு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வோர் அறையிலும் ஒன்று முதல் நான்கு வரை நுண்குழல்கள் நெருக்கமாகச் சுருண்டு கிடக்கின்றன. இந்த விந்தாக்கக் குழல்களின் சுவரில்தான் உற்பத்தி நடக்கிறது. குழலின் வெளியோரத்தில் இருக்கும் மூலச்செல் பிரிந்து, குரோமோசோம் எண்ணிக்கையை 46-இலிருந்து 23-ஆகக் குறைத்துக்கொண்டு, உருண்டை வடிவத்தைவிட்டு வால் முளைத்து, குழலின் நடுவெளியை வந்தடைய ஏறத்தாழ 74 நாள்கள் ஆகின்றன. இந்தப் பயணம் முழுவதும் அவற்றைப் பிடித்து வைத்து ஊட்டம் தருபவை செர்டோலி செல்கள். அவை ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து இரத்தத்துக்கும் வளரும் விந்தணுவுக்கும் இடையே ஒரு தடுப்பையும் எழுப்புகின்றன. விந்தணுக்கள் பருவ வயதில்தான் தோன்றுவதால் உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்கக்கூடும்; அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு.

விந்தகத்தை விட்டு வெளியே வரும் விந்தணுவுக்கு நீந்தவும் தெரியாது, முட்டைக்குள் நுழையவும் தெரியாது. விந்தகத்தின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் எபிடிடிமிஸ் என்ற ஒற்றைக் குழாயில் அது மேலும் இரு வாரங்களுக்குள் முதிர்ச்சி பெறுகிறது. விரல் நீளமே தெரியும் அந்த உறுப்பைப் பிரித்து நீட்டினால் ஆறு மீட்டர் இருக்கும். அதன் வால்பகுதியில் சேமிக்கப்பட்டு, அங்கிருந்து விந்துநாளம் வழியாக இடுப்புக்கூட்டுக்குள் ஏறிச் சிறுநீர்ப்பையைச் சுற்றி வந்து புரோஸ்டேட்டைத் துளைத்து வடிகுழாயில் சேர்கிறது.

இரண்டையும் கூட்டினால் மூன்று மாதத்தை நெருங்குகிறது. பிசான நெல்லின் பொலியைப் பார்த்துவிட்டு, அறுப்பு நாளில் பெய்த மழையைக் குறை சொல்ல முடியாது. நாற்று நட்டபோது வயலில் தண்ணீர் இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும். தம்பி, பரிசோதனைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு உங்களுக்குக் கடுமையான காய்ச்சல், டெங்கு, டைபாய்டு என ஏதேனும் வந்ததா? பருவ வயதுக்குப் பிறகு பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதுண்டா? முன்னது தற்காலிகமாக எண்ணிக்கையைக் குறைக்கும். பின்னது சிலருக்கு நிரந்தரமாகவே விந்தகத்தைச் சுருக்கிவிடும்.

அடுப்படிக்காரர்

டீச்சர், மிக்க நன்றி. தீபாவளிக்கு முன் டெங்கு வந்து ஒரு வாரம் படுத்திருந்தேன். பரிசோதனை செய்தது மார்கழியில். இதை மருத்துவரிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்ததாக நினைவில்லை.

ஹைகிரவுண்ட் பயிற்சி மருத்துவர்

மறுபரிசோதனைக்கு முன்பே அந்தக் காய்ச்சலைச் சொல்லிவிடுங்கள். அவர் எடுக்கும் முடிவையே அது மாற்றக்கூடும்.

இப்போது நெருப்புக்கு வருகிறேன். விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த சூழல் தேவை. விந்தகம் வயிற்றுக்கு வெளியே தொங்குவது அதற்காகத்தான். கருவில் அது சிறுநீரகத்துக்கு அருகே தோன்றி, பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு விரைப்பைக்குள் இறங்குகிறது. இறங்காமல் நின்றுவிட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை பார்த்துவிட்டு, ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கி வைக்க வேண்டும். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று பள்ளிக்கூட வயது வரை விட்டுவிடுவது பிற்காலத்தில் மலட்டுத்தன்மைக்கும் புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும்.

வெப்பத்தைக் காக்க மூன்று ஏற்பாடுகள் உள்ளன. விரைப்பைத் தோலடித் தசை குளிரில் சுருங்கும், வெக்கையில் தளரும். விந்தகத்தைத் தாங்கும் தசை அதை மேலே இழுக்கும் அல்லது கீழே விடும். இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் வலைப்பின்னலாக விந்தகத் தமனியைச் சூழ்ந்திருந்து, கீழிறங்கும் சூடான இரத்தத்தின் வெப்பத்தை வழியிலேயே வாங்கிக்கொள்கின்றன. உங்கள் மருத்துவர் 'நரம்பு' என்று சொன்னது இந்தச் சிரைகளைத்தான். இவை வீங்கி இரத்தம் தேங்குவதற்கு வெரிக்கோசில் என்று பெயர். ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது உண்டு. குழந்தையின்மைக்காக வருபவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல். இடப்பக்கம் அதிகம் வருவதற்கு உடலமைப்பே காரணம்: வலப்பக்கச் சிரை பெருஞ்சிரையில் சரிவாகச் சேர்கிறது, இடப்பக்கச் சிரையோ இன்னும் மேலே ஏறி இடது சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் முட்டுகிறது. அதனால்தான் நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லிப் பார்த்திருப்பார். கையால் உணரத்தக்க வீக்கமும், குறைந்த எண்ணிக்கையும், குழந்தை வேண்டும் என்ற தேவையும் சேர்ந்தால் அறுவைக்கு இடமுண்டு. இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் படத்தில் மட்டும் தெரிகிற வீக்கத்துக்கு அவசியமில்லை. அறுவைக்குப் பிறகும் பலனைக் காண அதே மூன்று முதல் ஆறு மாதம்.

அடுப்படி வெக்கை இதற்கு மேல் கூடுதல் சுமை. வேலையை விடச் சொல்வது எளிது, செய்வது எளிதல்ல. இறுக்கமான உள்ளாடையையும் ஜீன்ஸையும் தவிர்த்து, இடையிடையே நெருப்பைவிட்டு விலகி நில்லுங்கள். வெப்பத்தால் வரும் குறைவு பெரும்பாலும் மீளக்கூடியது.

தாம்பத்தியத்தில் குறையில்லாதபோது எண்ணிக்கை எப்படிக் குறையும் என்று கேட்டீர்கள். எழுச்சி என்பது இரத்தக்குழாயும் நரம்பும் சார்ந்தது; ஆணுறுப்பின் உள்ளே உள்ள இரு குகைத்திசுத் தண்டுகளில் நைட்ரிக் ஆக்சைடு தசைகளைத் தளர்த்த, தமனி இரத்தம் நிரம்பி, வெளியேறும் வழி அழுத்தப்படுவதால் அது நிகழ்கிறது. விந்தணு உற்பத்தி விந்தகக் குழல்களில் தனியாக நடக்கிறது. ஒன்று முழுமையாக இருந்து மற்றது குறைவாக இருப்பது சாதாரணம். நம் ஊரில் இரண்டையும் சேர்த்து 'ஆண்மை' என்று கட்டி வைத்திருப்பதால்தான் ஆண்கள் ஒரு கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுக்கவே அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குப் பெண்கள் கருக்குழாயில் மருந்து செலுத்திப் படமெடுத்துக்கொள்ள நேர்கிறது. இருவருக்கும் நடக்கும் பரிசோதனைகளில் மிக மலிவானதும் வலியில்லாததும் இதுதான், எனவே இதுவே முதலில் நடக்க வேண்டும்.

பாரம்பரியப் பிரியர்

எல்லாம் சரி, ஆனால் இளவயதுக் கைப்பழக்கத்தால் விந்தை விரயம் செய்ததே மூல காரணம் என்பதை யாரும் சொல்லவில்லையே! ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு இரத்தத்துக்குச் சமம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முகாம் போட்டு வரும் வைத்தியர்கள் லேகியம் தருகிறார்கள். அதை ஒரு மண்டலம் சாப்பிட்டால் எண்ணிக்கை ஏறிவிடும்.

பாளை சித்த மருத்துவர்

நான் 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். அந்த மரபின் மேல் மதிப்பு உள்ளவன் என்பதாலேயே இதை மறுக்கிறேன். மேலே அண்ணாச்சி சொன்னபடி விந்தின் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும் புரதமும்தான். வெளியேற்றாவிட்டாலும் விந்தணுக்கள் முதிர்ந்து சிதைந்து உடலாலேயே உறிஞ்சப்படுகின்றன, தூக்கத்திலும் வெளியேறுகின்றன, நாள்தோறும் கோடிக்கணக்கில் புதிதாக உருவாகின்றன. விரயமாகத் தீர்ந்துபோகும் கையிருப்பு எதுவும் ஆணுக்கு இல்லை. இந்த அச்சத்தால் சோர்வும் தூக்கமின்மையும் எழுச்சிக் குறைவும் வருவதை மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் 'தாது' நோய்க்கூறு என்று வகைப்படுத்தினார். அந்த இளைஞர்களுக்கு விந்தில் நோயில்லை, மனத்தில்தான் பயம். நோயாளி வேதனைப்படுவது உண்மை என்பதால் கேலி செய்யாமல் விளக்க வேண்டும்.

ஆண்மைச் சக்தியைப் பெருக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டம் தடை செய்கிறது. விடுதி அறையில் உட்கார்ந்து, கலவை எழுதப்படாத டப்பாவை நீட்டுபவரிடம் எதையும் வாங்காதீர்கள். ஒரு மண்டலம் என்பது 48 நாள். டீச்சர் சொன்ன கணக்குப்படி அந்த அவகாசத்தில் ஒரு விந்தணுகூட முழுமையாக உருவாகி வெளியே வந்திருக்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை வேண்டுமானால் தொடருங்கள். எண்ணிக்கையைக் கூட்டும் என்று எதிர்பார்க்காமல் செய்தால் அதில் தவறில்லை.

வண்ணார்பேட்டை ஜிம்

உடற்பயிற்சிக் கூடத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் நண்பர்கள் ஆண்மை கூடும் என்கிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் அது உதவுமா?

ஹைகிரவுண்ட் பயிற்சி மருத்துவர்

நேர் எதிரானது நடக்கும். மூளையின் ஹைப்போதலாமஸ் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது: ஒன்று குழல்களுக்கு இடையே உள்ள லீடிக் செல்களை டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கிறது, மற்றொன்று செர்டோலி செல்களை இயக்குகிறது. விந்தகத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் செறிவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தச் செறிவு இல்லாமல் விந்தணு முதிராது. வெளியிலிருந்து ஊசி போட்டால், போதுமான அளவு இருக்கிறது என்று பிட்யூட்டரி தூண்டுதலை நிறுத்திவிடும்; தசை பெருக்கும், விந்தகம் சுருங்கும், எண்ணிக்கை பூச்சியம்வரை இறங்கும். நிறுத்திய பிறகு மீளப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேல். குழந்தை வேண்டுபவர் அதைத் தொடவே கூடாது.

களக்காட்டு வாழைக்காரர்

வாழைக்கு நூற்புழு மருந்து போடுகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

இடைகால் டீச்சர்

உண்டு அண்ணாச்சி. டி.பி.சி.பி. என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த கலிஃபோர்னியா ஆலை ஒன்றின் தொழிலாளர்கள், தங்களுள் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்று தாங்களே பேசிக்கொண்டதிலிருந்துதான் 1977-இல் அதன் கேடு வெளிப்பட்டது. பலருக்கு விந்தணுவே இல்லை. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதன் பிறகும் அது பயன்பட்டது. எல்லா மருந்தும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் வெறுங்கையால் குருணை தூவுவதையும், அதே கையால் சாப்பிடுவதையும் நிறுத்துங்கள்.

மேலப்பாளையம் பெரியம்மா

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் படிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். என் தங்கை மகனுக்குப் பதினான்கு வயதில், விடியற்காலையில் அடிவயிற்று வலியும் வாந்தியும் வந்தன. வெட்கப்பட்டு அவன் கீழே வலிப்பதைச் சொல்லவில்லை. பக்கத்து மருத்துவமனையில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வீங்கிச் சிவந்த பிறகுதான் தெரிந்தது, விரை தன் நாண் மேலேயே முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று. ஆறு மணி நேரத்துக்குள் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கத் தைத்து நிறுத்தினார்கள். மிச்சமிருக்கும் ஒன்றே போதும் என்று மருத்துவர் தைரியம் சொன்னார். பையன்கள் திடீரென்று வயிறு வலிக்கிறது என்றால் அங்கேயும் வலிக்கிறதா என்று நீங்களே கேளுங்கள்.

அடுப்படிக்காரர்

பங்குனி கடைசியில் மறுபரிசோதனை செய்ய எண்ணியிருக்கிறேன். ஆய்வகத்தில் கூச்சமாக இருக்கிறது. வீட்டில் எடுத்து முக்கூடலிலிருந்து பேருந்தில் கொண்டுவரலாமா அண்ணாச்சி?

பேட்டை ஆய்வகத்தார்

ஆய்வகத்தில் கொடுப்பதே சிறந்தது. முடியாதென்றால் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வரவேண்டும். அந்தப் பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றுவரும், அதை நம்பாதீர்கள், இருசக்கர வாகனத்தில் வாருங்கள். ஆய்வகம் தரும் அகன்ற வாய்க் கோப்பையையே பயன்படுத்துங்கள். சோப்போ எண்ணெயோ கூடாது, கடையில் விற்கும் ஆணுறையில் சேகரிக்கக் கூடாது. குளிர்ந்த பைக்குள் வைக்காமல், சட்டைக்குள் உடலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளிப்படும் பகுதியில்தான் விந்தணு அதிகம் என்பதால், அது சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உறவைத் தவிர்த்த நாள்கள் இரண்டு முதல் ஏழுக்குள் இருக்க வேண்டும். முதல் அறிக்கையில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

அடுப்படிக்காரர்

அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தேறாததால், அப்போது பதினைந்து நாளுக்கு மேல் இருக்கும்.

பேட்டை ஆய்வகத்தார்

நீண்ட இடைவெளி விட்டால் எண்ணிக்கையும் அளவும் கூடும், அசைவு குறையும், ஏனெனில் எபிடிடிமிஸில் பழைய விந்தணுக்கள் தேங்கிவிடுகின்றன. ஆகவே 22 சதவீத அசைவில் ஒரு பகுதியை அந்த இடைவெளியின் கணக்கில் எழுதலாம். 90 லட்சத்தை அப்படி எழுத முடியாது. அதற்கு டெங்குவோ, அந்தச் சிரை வீக்கமோ, இரண்டுமோ காரணமாக இருக்கலாம். பங்குனி அறிக்கையில் எண்ணிக்கை ஏறியிருந்தால் காய்ச்சல் என்று கொள்ளலாம், ஏறாவிட்டால் சிரை வீக்கத்துக்கு என்ன செய்வது என்று அந்த மருத்துவரிடமே கேளுங்கள். இரண்டு அறிக்கைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள். காலிக் கட்டத்தில் 'பதினைந்து நாளுக்கு மேல்' என்று இப்போதே எழுதி வையுங்கள்.